பட்டனை அமுக்காத 11 மணி நேரம்

அந்த ராத்திரி ஹாம் ரேடியோல உக்காந்திருந்தப்போ எழுதுன லாக் ஷீட்டை, அதாவது நேரம் போட்டுக் குறிப்பு எழுதுற பேப்பரை, இன்னும் வச்சிருக்கேன். சாயங்காலம் 6.40க்கு ஆரம்பிச்சு மறுநாள் காலைல 5.40 வரைக்கும், 11 மணி நேரம். அதுல நான் மைக் பட்டனை அமுக்குனது மொத்தமே 19 தடவை, அதுலயும் பாதி "காப்பி", "ஸ்டாண்டிங் பை" இந்த மாதிரி ஒண்ணு ரெண்டு வார்த்தைதான். மிச்ச நேரம் பூரா ஒரு காதுல ஹெட்போன், இன்னொரு காது வெளிய மழைச் சத்தத்துக்கு, கையில பென்சில். பேனா இல்லங்க, பென்சில். ஈரப் பேப்பர்ல பேனா எழுதாது, இதை எனக்குச் சொல்லிக் குடுத்தவரைப் பத்தி கொஞ்சம் கழிச்சு வர்றேன்.

வெள்ளம் புயல்னு வந்தா ஹாம் ரேடியோக்காரங்க உதவி பண்ணாங்கன்னு பேப்பர்ல அப்பப்ப ஒரு துண்டு நியூஸ் வரும், கூடவே ஒரு போட்டோ, ஒருத்தர் மைக்கை வாய்கிட்ட வச்சுக்கிட்டு முகத்தை இறுக்கமா வச்சுட்டு பேசிட்டு இருப்பாரு. நானும் அந்த போட்டோவைப் பாத்து ஆசைப்பட்டுதான் இதுக்குள்ள வந்தேன்னு வைங்க. இப்போ சொல்றேன், அந்த போட்டோவை நம்பாதீங்க. அவரு பேசுனது அந்த அரை நிமிஷம்தான் இருக்கும், அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் மணிக்கணக்கா வாயை மூடிட்டு கேட்டுட்டு இருந்திருப்பாரு, அதை போட்டோ எடுத்தா தூங்கி வழியுற ஆளு மாதிரி இருக்கும், யாரு போடுவாங்க.

ஹாம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு நாலு வரி. அமெச்சூர் ரேடியோ. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கணும், ஒரு கால்சைன் குடுப்பாங்க, ரேடியோல அதுதான் நம்ம பேரு, குறிப்பிட்ட அலைவரிசைகள்ல சொந்த ரேடியோ சொந்த ஆன்டெனா வச்சுப் பேசலாம். நடுவுல டவர் வேண்டாம், கேபிள் வேண்டாம், கம்பெனி வேண்டாம், என் கம்பியில இருந்து கிளம்புனது உங்க கம்பிக்கு வந்து சேரும் அவ்ளோதான். சம்பளம் கிடையாது, கிடையாதுன்னா குடுக்க மாட்டாங்கன்னு இல்ல, வாங்கவே கூடாது, சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தோட விதிகள்ல அமெச்சூர் சர்வீஸ்னா என்னன்னு சொல்ற இடத்துலயே பண நோக்கம் இல்லாம சொந்த ஆர்வத்துக்காகன்னு எழுதியிருக்கு. அதே விதிகள்ல இன்னொண்ணும் இருக்கு, எனக்குப் பிடிச்சது. வேற யாரோ ஒருத்தரோட சேதியை நாடு விட்டு நாடு ஹாம் ரேடியோ வழியா அனுப்பக்கூடாது, ஆபத்து நேரத்துலயும் பேரிடர் நிவாரணத்துக்கும் மட்டும் அனுப்பலாம். சாதாரண நாள்ல பூட்டி இருக்குற கதவு அந்த நேரத்துல மட்டும் திறக்குற மாதிரி.

செல்போன் இருக்குற காலத்துல இது எதுக்குன்னு கேப்பாங்க. 2017ல மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவை அடிச்சப்போ தீவுல இருந்த செல் டவர்ல கிட்டத்தட்ட 95 சதவீதம் படுத்துடுச்சு. 2005ல அமெரிக்காவுல கத்ரீனா புயல் வந்தப்போ 30 லட்சத்துக்கு மேல டெலிபோன் லைன் போச்சு, 38 அவசர அழைப்பு மையங்கள் போச்சு, அதாவது ஆபத்துன்னா கூப்பிடுங்கன்னு சொன்ன நம்பரே எடுக்க ஆளில்லாம போச்சு. 1985 மெக்சிகோ நிலநடுக்கத்துல டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கட்டிடமே இடிஞ்சு விழுந்து வெளியூர் வெளிநாட்டு லைன்லாம் அறுந்து போக, பல நாள் சேதி போனது வந்தது நிறைய ஹாம் வழியாத்தான். டவருக்கு கரண்ட் போனா பேட்டரி சில மணி நேரம், அப்புறம் ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டு போற ரோட்டுல தண்ணி. அதுக்கும் மேல, டவர் நின்னுட்டு இருந்தாலும் அதுல இருந்து போற ஃபைபர் எங்கயாவது பாலத்தோட சேந்து அறுந்திருக்கும். அதுவும் இல்லன்னா எல்லாரும் ஒரே நேரத்துல வீட்டுக்கு போன் போட்டு நெட்வொர்க் திணறும்.

சரி, பென்சில் பத்திச் சொல்லிக் குடுத்த அந்தப் பெரியவர் கதைக்கு வர்றேன்.

எங்க குரூப்ல ஒருத்தர். ஹாம்ல ஆம்பளைங்களை வயசு வித்தியாசமே இல்லாம ஓஎம்னு கூப்பிடுவோம், ஓல்ட் மேன்ங்கிறதோட சுருக்கம், 18 வயசு பையனும் ஓஎம்தான். இவரு ஒருத்தர்தான் நெசமாவே ஓஎம், நாங்க சார்னு கூப்பிடுவோம். நான் லைசென்ஸ் வாங்குன புதுசுல வருஷத்துக்கு ரெண்டு தடவை நடக்குற பயிற்சிக்குப் போனேன். ஒரு கற்பனை வெள்ளம், கற்பனை முகாம், அங்கங்க ஒரு ஸ்டேஷன், சேதியை ஒருத்தர் கிட்ட இருந்து வாங்கி அடுத்தவருக்கு குடுக்கணும். நான் நடு ஸ்டேஷன். முகாம் ஸ்டேஷன்ல இருந்து ஒரு சேதி, இரைச்சலோட வந்துச்சு, "ஸ்ட்ரெச்சர் நூறு வேணும்". நான் எழுதிக்கிட்டேன், அப்படியே அடுத்த ஸ்டேஷனுக்குக் குடுத்தேன். அடுத்த ஸ்டேஷன் இவருதான்.

"நூறா? ஒண்ணு, சைபர், சைபர்? கன்ஃபர்ம் பண்ணுங்க, ஓவர்."

"ஆமா சார், நூறு, ஓவர்."

அவரு மேல கொண்டு போயிட்டாரு. பயிற்சி முடிஞ்சு எல்லா ஸ்டேஷனோட பேப்பரையும் வரிசையா தரையில பரப்பி வச்சுப் பாத்தப்போ முகாம்ல இருந்த பொண்ணோட பேப்பர்ல தெளிவா எழுதியிருந்துச்சு, ஸ்ட்ரெச்சர் 6. ஆறு. நூறு இல்ல.

எனக்கு முகம் எங்க வைக்கிறதுன்னு தெரியல. இரைச்சல் அதிகம் சார்னு சொன்னேன். அவரு திட்டல, திட்டியிருந்தா கூட பரவால்ல. "தம்பி, இரைச்சல்னா திரும்பக் கேட்டிருப்பீங்க. நான் கன்ஃபர்ம் பண்ணச் சொன்னப்போ நீங்க முகாமைக் கேக்கல, உங்க பேப்பரைப் பாத்து எனக்கு பதில் சொன்னீங்க. பெரிய வெள்ளம்னு நீங்களே மனசுல ஒரு கதை கட்டி வச்சிருக்கீங்க, அந்தக் கதைக்கு ஆறு பத்தல, அதான் காது நூறுன்னு எடுத்துக்குச்சு"ன்னாரு. இத்தனை வருஷத்துல ரேடியோ பத்தி எனக்கு கிடைச்ச ஒரே உருப்படியான பாடம் அது, மிச்சமெல்லாம் புக்குல இருக்கு.

ஆனா இதுல டெக்னிக்கலாவும் ஒரு விஷயம் இருக்கு, அதை விட மனசு வரல. எஸ்எஸ்பின்னு நாங்க பேசுற முறையில குரலோட 300 ஹெர்ட்ஸுக்கு கீழயும் சுமார் 2700, 3000க்கு மேலயும் இருக்குறதை வெட்டிடுவாங்க. 'ந', 'ம' மாதிரி மூக்கால வர்ற எழுத்தோட பலம்லாம் கீழ்ப்பக்கம்தான் இருக்கு. அது வெட்டுப்பட்டு மேல இரைச்சலும் சேந்தா நூறும் ஆறும் அண்ணன் தம்பி மாதிரி ஆயிடும். தமிழ்ல எண்ணைப் படிக்கிறது ரேடியோல நெஜமாவே கண்டம்ங்க, முப்பது முன்னூறு, எழுபது எண்பது, தொண்ணூறு தொள்ளாயிரம், எல்லாம் ஒரே ஜாடை. அதனால எங்க குரூப்ல அன்னைக்கு ஒரு வழக்கம் ஆரம்பிச்சுச்சு, எண்ணைச் சொல்லிட்டு இலக்கம் இலக்கமா பிரிச்சுச் சொல்லணும், ஒத்தை இலக்கம்னா ஒண்ணுல இருந்து எண்ணிக் காட்டணும், "ஆறு, எண்ணுறேன், ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறு". கேக்க சின்னப் புள்ளைத்தனமா இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்.

பேரை எழுத்து எழுத்தா சொல்றதுக்கு ஆல்ஃபா பிராவோ சார்லி இருக்கு, அது எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியாதது செக். எழுத்துல அனுப்புற சேதிக்கு ஒரு படிவம் உண்டு, சேதி நம்பர், எவ்வளவு அவசரம், முதல்ல எந்த ஸ்டேஷன்ல கிளம்புச்சு, நேரம், தேதி, இதோட இந்தச் சேதியில மொத்தம் எத்தனை வார்த்தைங்கிற எண்ணும் மேலயே இருக்கும். அதுதான் செக். வாங்குறவர் எழுதி முடிச்சுட்டு எண்ணிப் பாக்கணும், 14னு சொல்லி 13 வந்தா எங்கயோ ஒரு வார்த்தை விழுந்துடுச்சு. தந்தி காலத்து சமாச்சாரம் இது. அந்த விழுந்த வார்த்தை "வேண்டாம்"ங்கிறதா இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

இப்போ பட்டன் விஷயம். போன்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசலாம், எங்களுதுல ஒருத்தர் பட்டனை அமுக்குனா அந்த அலைவரிசையில இருக்குற எல்லாரும் காத்திருக்கணும். ரெண்டு பேரு ஒண்ணா அமுக்குனா கீச்சுன்னு ஒரு சத்தம் வரும், ரெண்டு சேதியும் போச்சு. எஃப்எம்ல இன்னும் மோசம், பலமான சிக்னல் பலவீனமானதை மொத்தமா முழுங்கிடும், அடியில ஒருத்தர் பேசிட்டு இருந்தாருங்கிறதே யாருக்கும் தெரியாது. இதுல பலமான சிக்னல் யாருது? நல்ல ஆன்டெனா, புல் சார்ஜ் பேட்டரி, காய்ஞ்ச தரையில உக்காந்திருக்குற என்ன மாதிரி ஆளுது. பலவீனமான சிக்னல் தண்ணிக்கு நடுவுல கையில ஒரு 5 வாட் செட்டை வச்சுட்டு பேட்டரி சாகப் போற நேரத்துல கூப்பிடுறவருது. நான் "எல்லாருக்கும் வணக்கம், இங்க மழை இன்னும் நிக்கல"ன்னு சும்மா ஒரு வார்த்தை போட்டா அதுக்கு அடியில அவரு போயிடுவாரு.

அதுக்குத்தான் நெட் கண்ட்ரோல்னு ஒருத்தர். நெட்னா இன்டர்நெட் இல்ல, ஒரே அலைவரிசையில சேந்திருக்குற ஸ்டேஷன் கூட்டம், அதை நடத்துறவர்தான் இவரு. அவங்க கூப்பிடாம யாரும் பேசக்கூடாது. உயிர் போற விஷயம் முதல்ல, அப்புறம் அவசரம், அப்புறம் நலம் விசாரிப்பு, கடைசில மத்ததெல்லாம். அதுலயும் நலம் விசாரிக்கிறதுல ஒரு ஒழுங்கு உண்டு, உள்ள மாட்டிக்கிட்டவங்க "நாங்க நல்லா இருக்கோம்"னு வெளிய அனுப்புறதுக்கு முதல் இடம், வெளிய இருந்து "எங்க அண்ணன் எப்படி இருக்காரு"ன்னு உள்ள வர்ற கேள்விக்கு கடைசி இடம். கேட்டா கல்நெஞ்சம் மாதிரி இருக்கும், ஆனா ஒரு கேள்விக்கு பதில் கண்டுபிடிக்க உள்ள ஒருத்தர் தண்ணில இறங்கி வீடு வீடா தேடணும், அந்த ஒரு ஆளை அதுக்கு அனுப்பவா வேற வேலைக்கு அனுப்பவா. நல்ல நெட் கண்ட்ரோல் ஒவ்வொரு பேச்சு முடிஞ்சதும் சில செகண்ட் சும்மா விடுவாங்க. புதுசா கேக்குறவங்களுக்கு லைன் செத்துப் போச்சோன்னு தோணும். அந்த சில செகண்ட்தான் வேலையே.

2004 டிசம்பர் 26, சுனாமி. அந்தமான்ல ஹாம் ரேடியோ பல வருஷமா சத்தமே இல்லாம கிடந்த இடம், அந்த மாசம்தான் ஹைதராபாத்துல இருக்குற தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்துக்காக பாரதி பிரசாத் ஒரு குழுவோட போர்ட் பிளேர் போய் ஸ்டேஷன் போட்டிருந்தாங்க. எதுக்குன்னா, ஜாலிக்குத்தான். அபூர்வமான இடத்துல இருந்து பேசுனா உலகம் பூரா இருக்குற ஹாம்கள் அந்த ஒரு காண்டாக்ட் கிடைக்காதான்னு வரிசை கட்டி கத்துவாங்க, அதுக்கு பைல்-அப்னு பேரு, நானும் பல தடவை கத்தியிருக்கேன். நிலநடுக்கம், அடுத்து அலை, தீவுகளோட போன் தொடர்பு அறுந்துடுச்சு. அந்த விளையாட்டு ஸ்டேஷன் அன்னைக்கே அவசர ஸ்டேஷனா மாறிடுச்சு, உள்ள இருக்குறவங்களோட சேதியை வெளிய கொண்டு போக ஆரம்பிச்சாங்க, அப்புறம் கார் நிக்கோபார் வரைக்கும் ஹாம் ஸ்டேஷன் போச்சு. பாரதி மேடத்தைப் பத்தி எல்லாரும் எழுதியிருக்காங்க, எழுதணும். நான் நெனைக்கிறது அந்த வரிசையில நின்ன மத்தவங்களை. நாள் கணக்கா காத்திருந்து, ஆன்டெனாவைத் திருப்பி வச்சுட்டு, அடுத்தது நம்ம முறைன்னு இருந்தவன், அந்தக் குரல் கேக்குது, கூப்பிடக் கூடாது. அவங்களுக்கெல்லாம் யாரு நன்றி சொல்றது.

2024 செப்டம்பர் கடைசில ஹெலீன் புயல் அமெரிக்காவுல வட கரோலினா மலைப்பகுதியைப் புரட்டிப் போட்டப்போ இதே மாதிரி இன்னொண்ணு. மவுண்ட் மிட்செல்ங்கிற மலை மேல ஒரு ரிப்பீட்டர், 145.190 மெகாஹெர்ட்ஸ், அது சாகாம நின்னுச்சு. ரோடு எங்க இருக்கு எங்க இல்ல, யாருக்கு ஆக்சிஜன் வேணும், இந்த அட்ரஸ்ல ஒரு வயசான அம்மா இருக்காங்க யாராவது போய் பாருங்க, இதெல்லாம் நாள் கணக்கா அது ஒண்ணு வழியாவே போயிட்டு இருந்துச்சு. லைசென்ஸ் இல்லாத ஜனங்க கூட சின்ன ரிசீவரை வச்சுக்கிட்டு கேட்டுக்கிட்டு இருந்தாங்க, பேச முடியாது, கேக்கலாம், கேட்டதே அவங்களுக்கு பெரிய விஷயம். ரிப்பீட்டர்னா ஒண்ணும் இல்ல, உயரமான இடத்துல ஒரு செட், கீழ இருந்து வர்றதை வாங்கி பலமா திருப்பி விடும். அதனாலதான் கையடக்க செட்ல கூட அவ்ளோ தூரம் போகுது.

ரிப்பீட்டர் இல்லன்னா? அப்ப எச்எஃப்தான், அதாவது சிற்றலை, வானத்துல அடிச்சுத் திருப்புறது. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஒரு பயிற்சில நான் ஆன்டெனாவை முடிஞ்ச அளவு உயரமா கட்டினேன், பெருமையா வேற இருந்துச்சு, 3000 கிலோமீட்டர் தள்ளி யாரோ ஒருத்தர் காதுக்குள்ள பேசுற மாதிரி கேக்குறாரு, எங்க ஆளு 120 கிலோமீட்டர்ல இருக்காரு, அவரு சத்தமே இல்ல. தலைக்கு மேல தாண்டிப் போயிடுச்சு. பக்கத்துல பேசணும்னா ஆன்டெனாவைத் தாழ கட்டணும், 3, 4 மீட்டர் உயரத்துல, அப்பதான் அலை நேரா மேல போய் அயனமண்டலத்துல பட்டு குடை மாதிரி சுத்திலும் சில நூறு கிலோமீட்டருக்கு கொட்டும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் கம்பி, நடுவுல வெட்டி ரெண்டு பக்கமும் பத்து பத்து மீட்டர், ரெண்டு கம்பத்துல கட்டுனா போதும். ராத்திரி ஆக ஆக 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துல இருக்குறவனை விட்டுட்டு தூரத்துக்குப் போயிடும், அப்ப 3.5க்கு இறங்கணும், கம்பி ரெண்டு மடங்கு, அதுக்கு இடம் வேணும், இருட்டுல மழையில 40 மீட்டர் கம்பியை இழுத்துக் கட்டிப் பாருங்க தெரியும். முன்னாடியே கட்டி வைக்கணும், இதை நான் ரெண்டாவது தடவைதான் கத்துக்கிட்டேன்.

இவ்வளவும் சரியா பண்ணிட்டு சூரியன்கிட்ட தோத்துப் போன கதையும் உண்டு. 1965ல இருந்து ஹரிகேன் வாட்ச் நெட்னு ஒண்ணு 14.325 மெகாஹெர்ட்ஸ்ல நடத்துறாங்க, புயல் பாதையில இருக்குற ஹாம்கள் காத்து வேகம், காத்தழுத்தம் எல்லாம் அளந்து சொல்லுவாங்க, அது மியாமியில இருக்குற தேசிய ஹரிகேன் மையத்துக்குப் போகும், அந்த மையத்துக்குள்ளயே ஒரு ஹாம் ஸ்டேஷன் இருக்கு. 2017 செப்டம்பர் 6, இர்மா புயல் கரீபியன் தீவுகளை அடிச்சுட்டு இருக்கு, அதே நாள் சூரியன்ல எக்ஸ் 9.3 அளவுல ஒரு பெரிய வெடிப்பு. பகல் பக்கம் இருந்த எச்எஃப் அலைவரிசை எல்லாம் மங்கிப் போச்சு, மறுபடி 10ஆம் தேதி இன்னொரு வெடிப்பு. கீழ புயல், மேல புயல். ஒண்ணும் பண்ண முடியாது, காத்திருந்து திரும்பத் திரும்பக் கேக்குறதுதான்.

பேட்டரிக் கணக்கையும் சொல்லிடுறேன், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு. 100 வாட் செட் ஒண்ணு சும்மா கேட்டுட்டு இருக்குறப்போ 1 ஆம்பியர் மாதிரி எடுக்கும், பட்டனை அமுக்கி முழு பவர்ல போனா 20 ஆம்பியர். 20 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில பாதிக்கு மேல இறக்கக் கூடாது, இறக்குனா அதோட ஆயுசு போச்சு, அப்ப கையில இருக்குறது 10. கேட்டா 10 மணி நேரம். விடாம அமுக்கிப் பிடிச்சா அரை மணி நேரம், நெசத்துல அது கூட வராது. பேசாம கேளுன்னுதான் பேட்டரியும் சொல்லுது.

சரி கொஞ்சம் புலம்பிக்கிறேன். ஒரு தடவை ஒரு ஆபீஸ் கண்ட்ரோல் ரூம்ல எங்களுக்குக் குடுத்த இடம் மாடிப்படிக்கு அடியில, சுத்தி கான்க்ரீட், கையடக்க செட்ல பேசுற ரெண்டு மீட்டர் பேண்ட் சிக்னல் அதுக்குள்ள ஏறாது இறங்காது, ஜன்னல் வழியா கேபிள் இழுக்கலாமான்னு கேட்டா ஜன்னலைத் திறந்தா ஏசி போயிடும்னாங்க. அதை விட கடுப்பு எங்க ஆளுங்களே. இடுப்புல நாலு செட், மினுமினுக்குற ஜாக்கெட், முதுகுல எமர்ஜென்சின்னு எழுத்து, யாரும் கூப்பிடாம ஸ்பாட்டுக்கு வந்து நிப்பாங்க, வண்டி மாட்டிக்கும், அவங்களைத் தூக்க இன்னொரு வண்டி வரணும். கூப்பிட்டா மட்டும் போ, போறப்போ உன் தண்ணி உன் பேட்டரி உன் மருந்து நீயே கொண்டு போ, அடுத்தவனுக்கு பாரமா இருக்காத. அமெரிக்காவுல 1935லயே அமெச்சூர் அவசர சேவைக்குன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 1933ல, வருஷா வருஷம் ஜூன்ல வெளிய வெட்டவெளியில போய் கரண்ட் இல்லாம ஸ்டேஷன் போட்டுப் பாக்குற ஃபீல்ட் டே ஆரம்பிச்சாச்சு. அப்பவே தெரிஞ்சிருக்கு, வீட்டுல வேலை செய்யுற செட் காட்டுல வேலை செய்யாதுன்னு.

இப்போ சாட்டிலைட் இன்டர்நெட் வந்துடுச்சே, ஒரு டிஷ்ஷை வச்சா முடிஞ்சுதேன்னு எங்க குரூப்லயே சண்டை. எனக்கு அதுல வீம்பு இல்ல. டிஷ் இருந்தா டிஷ்ஷைப் போடுங்க, 80 வரி மருந்து லிஸ்ட்டை மைக்ல படிக்கிறது முட்டாள்தனம், எங்ககிட்டயே வின்லிங்க்னு ரேடியோ வழியா ஈமெயில் அனுப்புற முறை இருக்கு, அதுல போடலாம். ஆனா டிஷ் வர்றதுக்கு முன்னாடி ஒரு முதல் ராத்திரி இருக்கு. எங்க வேலை பெரும்பாலும் அந்த ஒரு ராத்திரிதான், ரெண்டாவது மூணாவது நாள்ல இருந்து நாங்க கூட்டிப் பெருக்கிட்டு கிளம்புறதுதான் நல்லது, அப்பவும் தேவைப்படுறோம்னா வேற எதோ பெருசா கெட்டுப் போயிருக்குன்னு அர்த்தம்.

அப்படி ஒரு முதல் ராத்திரிதான் அந்த லாக் ஷீட். நெட் கண்ட்ரோல் பண்ணுனது ஒரு அக்கா, குரல்ல ஒரு ஏத்த இறக்கம் கிடையாது, ராத்திரி பூரா ஒரே மாதிரி. 2.10க்கு ஒரு சேதி முடிஞ்சு அவங்க வழக்கம் போல சும்மா விட்டாங்க. இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ள ஏதோ நெளியுற மாதிரி இருந்துச்சு, குரல்னு கூட சொல்ல முடியாது. அக்காவுக்குக் கேக்கல, அடுத்த ஸ்டேஷனைக் கூப்பிட வாயெடுத்தாங்க. நான் பட்டனை அமுக்கி "ரிலே"ன்னு ஒரே வார்த்தை சொன்னேன், உங்களுக்குக் கேக்காத ஒருத்தர் எனக்குக் கேக்குறாரு, வாங்கித் தர்றேன்னு அர்த்தம். "எல்லாரும் ஸ்டாண்ட் பை, ரிலே ஸ்டேஷன் கோ அஹெட்"னாங்க.

ஒரு முகாம். டயாலிசிஸ் பண்ணிக்கிற நோயாளிங்க அங்க இருக்காங்க, மதியத்துக்குள்ள வெளிய கொண்டு போகணும். எத்தனை பேருன்னு கேட்டேன், பதில் வந்துச்சு, எனக்கு மூணுன்னு கேட்டுச்சு. கேட்டுச்சுன்னு தோணுச்சு. "எண்ணிக் காட்டுங்க." ஒண்ணு, ரெண்டு. நிறுத்திட்டாரு. மறுபடி எண்ணச் சொன்னேன், ஒண்ணு, ரெண்டு. ரெண்டு பேரு. பேரு கேக்கல, எங்க பேச்சை யாரு வேணும்னாலும் கேக்கலாம், பூட்டு போட்டுப் பேச எங்களுக்கு அனுமதி கிடையாது, அதனால நோயாளி பேரை முடிஞ்ச வரைக்கும் காத்துல விட மாட்டோம், முகாம் நம்பரும் ஆள் எண்ணிக்கையும் போதும். செக் 11, எண்ணுனேன், 11. அக்காவுக்குக் குடுத்தேன், அவங்க திருப்பிப் படிச்சாங்க, மேல போச்சு. லாக்ல 2.10ல இருந்து 2.19 வரைக்கும் நாலு வரி இருக்கு, கோணல் மாணலா.

அந்த ரெண்டு பேரு என்ன ஆனாங்கன்னு எனக்கு வந்து சேரவே இல்ல. கேக்கவும் முடியாது, அதுக்கு பட்டனை அமுக்கணும்.

அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல எனக்கு, மூணு மணி நேரத்துக்கு மேல, அரை மணிக்கு ஒரு தடவை கால்சைன் கூப்பிட்டு இருக்கியான்னு கேப்பாங்க, இருக்கேன்னு சொல்றது அவ்ளோதான். லாக்ல அந்த இடமெல்லாம் வெள்ளையா இருக்கும், ஒரு இடத்துல மட்டும் பென்சிலை வச்சே தூங்கிட்டேன் போல, ஒரு கோடு கீழ வரைக்கும் இழுத்துட்டுப் போகுது. 5.40க்கு மெயின் லைன்ல ஒண்ணு திரும்ப வந்துடுச்சுன்னு அக்கா சொன்னாங்க, எல்லா ஸ்டேஷனையும் வரிசையா படிச்சு 73 சொன்னாங்க, 73ன்னா வாழ்த்துக்கள்னு தந்திக்காரங்க காலத்துச் சுருக்கம். என் முறை வந்துச்சு. தொண்டை கட்டிப் போயிருந்துச்சு, இத்தனைக்கும் ராத்திரி பூரா பேசவே இல்ல. பட்டனை அமுக்கி 73 சொன்னேன், அதுதான் 19வது.